அம்மாவை எழுந்து நடக்க விடுங்கள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குத் தாயையோ தகப்பனையோ அழைத்துப் போகவிருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமக்களுக்கும்,



நான் ஓர் இயன்முறை மருத்துவர். நீங்கள் கூப்பிடுகிறபடி சொன்னால் பிசியோ. உறையூர், ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் வீடு வீடாகப் போய், மூட்டு மாற்றிக்கொண்டு வந்தவர்களை நடக்கப் பழக்குவது என் வேலை. உங்களில் பலரோடு ஹாலில் நின்றபடி ஐந்து நிமிடம் பேசியிருக்கிறேன். "எப்ப மேடம் நார்மல் ஆவாங்க?" என்று கேட்பீர்கள். நான் சொல்ல நினைப்பது அந்த ஐந்து நிமிடத்துக்குள் அடங்காது. தவிர, அம்மா பக்கத்து அறையில் படுத்திருப்பார். அவர் காதுபட உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அதனால்தான் எழுதுகிறேன். அம்மா என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அப்பாக்களுக்கும் இதெல்லாம் பொருந்தும், பீடி சிகரெட் விஷயம் மட்டும் கூடுதல்.

முதலில் என் ஆதங்கம். அறுவை செய்கிற டாக்டர் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தன் வேலையை முடித்துவிடுகிறார். அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைப் பிடித்துக்கொண்டு அம்மா வார்டில் நாலடி நடக்கிறார். நீங்கள் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி கைகூப்புகிற படம் அனுப்புகிறார். பத்து நாள் கழித்து நான் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே அம்மா கட்டிலோடு கிடக்கிறார். வாக்கர் மூலையில் நிற்கிறது, அதன்மேல் ஈரத்துண்டு காய்கிறது. "நடக்கத்தான் சொன்னாங்க, நாங்கதான் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னு விட்டுட்டோம்" என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் நடந்தவரை வீட்டில் படுக்க வைத்திருக்கிறீர்கள். அதுவும் பாசத்தால். பாசத்தோடு சண்டை போடுவது கஷ்டம். இருந்தாலும் போட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது.

அறுவையில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். தொடை எலும்பின் மேல்முனையில் பந்து மாதிரி ஒரு தலை இருக்கிறது. இடுப்பெலும்பில் அது உட்காரக் கிண்ணம் இருக்கிறது. தேய்ந்துபோன அந்தத் தலையை வெட்டி எடுத்துவிட்டு, எலும்புக்குள் ஒரு உலோகத் தண்டைச் செருகி, அதன் உச்சியில் உலோகப் பந்தையோ செராமிக் பந்தையோ பொருத்துகிறார்கள். கிண்ணத்தைச் செதுக்கிப் புதுக் கிண்ணம் வைத்து உள்ளே வழுவழுப்பான உறை போடுகிறார்கள். மாறியது எலும்பு மட்டும்தான். வலிக்குப் பயந்து வருஷக்கணக்காக அந்தக் காலில் பாரம் போடாமல் சாய்ந்து சாய்ந்து நடந்தாரே, அதில் வற்றிப்போன தசை அப்படியேதான் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும் தசை. ஒவ்வோர் அடிக்கும் நாம் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். வண்டிக்குப் புது அச்சு போட்டாயிற்று, மாடு நோஞ்சானாகவே நிற்கிறது. "இவ்வளவு செலவு பண்ணியும் விந்தி விந்தித்தானே நடக்கிறாங்க" என்று ஆறு மாசம் கழித்து நீங்கள் டாக்டரைக் குறை சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

ஆபரேஷன் என்றால் ஓய்வு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியாமல் இல்லை. 1962 நவம்பரில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி சின்ன உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் சேர்ந்த மூட்டைப் பொருத்தினார். இன்று நடக்கும் அறுவைக்கு அதுதான் வேர். அதற்கு முன்னால் டெஃப்லான் கிண்ணம் போட்டுப் பார்த்து, அது சில வருஷத்திலேயே தேய்ந்து, போட்டதையெல்லாம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆரம்பக் காலத்தில் நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருப்பார்கள். இன்று அப்படி இல்லை. படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் நாளத்தில் ரத்தம் உறையும், சளி கட்டும், முதுகில் புண் வரும், இருக்கிற தசையும் கரையும் என்று தெரிந்துபோனது. அதனால்தான் மயக்கம் தெளிந்து சில மணி நேரத்திலேயே நிற்க வைக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் "மூணு மாசம் அசையக் கூடாது" என்பது அந்தப் பழைய காலத்துப் பேச்சு.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். எந்தக் கம்பெனி மூட்டு, செராமிக்கா உலோகமா, சிமெண்ட் வைப்பார்களா வைக்காமலா என்று ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு வருகிறீர்கள். படிப்பது நல்லதுதான். ஆனால் பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2019ல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் பத்தில் ஏறத்தாழ ஆறு 25 வருஷம் தாங்குகின்றன. 70 வயது அம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிடுமே என்ற கவலை உங்கள் பட்டியலில் கடைசியில் வரவேண்டியது. பாத்ரூமில் வழுக்கி விழுவது முதலில் வரவேண்டியது. பணத்தை எண்ணாமல் மூட்டுக்குக் கொடுக்கும் நீங்கள், சுவரில் ஒரு கைப்பிடி அடிக்கச் சொன்னால் "டைல்ஸ் உடைஞ்சிடுமே மேடம்" என்கிறீர்கள். இதை ஒரு தடவை இரண்டு தடவை கேட்டதாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

கம்பெனி பெயர் ஒரு விஷயத்துக்குக் கட்டாயம் வேண்டும். மூட்டின் பெட்டியில் வரும் ஸ்டிக்கரை, மாடல் பெயரும் எண்ணும் உள்ளதை, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லி வாங்குங்கள். டிப்யூ நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற உலோகத்தில் உலோகம் உரசும் இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்த மாதிரிச் செய்தி வரும் நாளில், உள்ளே இருப்பது எது என்று சொல்ல உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

அறுவைக்கு முந்தைய வாரங்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அந்த வாரங்கள் பணம் புரட்டுவதிலேயே போய்விடுகின்றன. அம்மாவின் சர்க்கரையைப் பாருங்கள். அன்றைய ரத்தச் சர்க்கரை மட்டும் போதாது, மூன்று மாசச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைப் பாருங்கள். அது எகிறி இருந்தால் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்வார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். சிறுநீரில் எரிச்சல் இருக்கிறதா என்று மகளோ மருமகளோ கேளுங்கள், மகனிடம் சொல்லமாட்டார். குதிகால் வெடிப்பு, நகச்சுற்று, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண், இவற்றைக் குனிந்து பாருங்கள். அம்மாவால் குனிய முடியாமல் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, அவர் தன் பாதத்தைப் பார்த்தே இருக்கமாட்டார். அங்கிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார்ந்தால், மூட்டையே கழற்ற வேண்டி வரலாம்.

அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் டாக்டர் கண்ணில் படவேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதையே அவர்தான் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு என்று யாரோ கொடுத்த சூரணம், லேகியம், "ஸ்டீராய்டு இல்லைன்னு சத்தியம் பண்ணினாங்க" என்கிற பொட்டலம், அதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அப்பாவாக இருந்தால் பீடியை நாலு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். புகை புண் ஆறுவதைக் கெடுக்கும்.

கைக்கு வலு வேண்டும், வாக்கரை ஊன்றி எழுந்திருக்க. கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, இரு கையாலும் அழுத்தி உடம்பைத் தூக்கி இறக்கப் பழக்குங்கள். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுவது, பிட்டத்தை இறுக்குவது, இந்த மூன்றையும் அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டவர்களைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். மயக்கத்திலிருந்து எழுந்த பிறகு புதிதாகக் கற்றுக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை.

சரி, வீடு. டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவோடு ஒரு சுற்று வாருங்கள். அவர் உட்காரும் இடம் எதுவாக இருந்தாலும், உட்கார்ந்த நிலையில் முழங்கால் இடுப்பைவிட உயரமாகப் போகக் கூடாது. உங்கள் புது சோபா அவ்வளவு தாழ்வு. அதை மறந்துவிடுங்கள். சாய்வு நாற்காலியும் வேண்டாம். கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருந்தால், அதே மாதிரி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் உயரம் சரியாகிவிடும். தரையில் வழுக்காமலிருக்க நாற்காலிக் காலுக்கு ரப்பர் மாட்டுங்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் ஒரே அளவு குழிவெட்டிய மரக்கட்டை வையுங்கள். செங்கல் வேண்டாம், அது நகரும். இந்தியன் டாய்லெட் என்றால் அதன்மேல் வைக்கிற கம்மோடு நாற்காலி சர்ஜிக்கல் கடையில் கிடைக்கிறது. வெஸ்டர்ன் என்றாலும் பல வீடுகளில் தாழ்வுதான். மேலே வைக்கும் உயர இருக்கை வாங்குங்கள். கைப்பிடியைச் சுவரில் துளையிட்டு அடியுங்கள். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்து, கம்பியோடு சேர்ந்து விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாசலில் கிடக்கும் மிதியடி, ஹாலில் மடங்கிய தரைவிரிப்பு, குறுக்கே ஓடும் சார்ஜர் ஒயர், எல்லாம் எடுக்கப்பட வேண்டும். அகலம் அளக்க மறந்துவிடாதீர்கள்: வாக்கர் பாத்ரூம் கதவுக்குள் நுழையாத வீடுகள் நிறைய. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் நிலைப்படி ஒரு சாண் உயரம். அங்கே எப்படிக் கடப்பது என்று ஆஸ்பத்திரியிலேயே பழகிவிட்டு வரவேண்டும். படுக்கை மாடியில் என்றால் கொஞ்ச நாளுக்குக் கீழே ஹாலுக்கு வரட்டும். ராத்திரி எரிய ஒரு சின்ன விளக்கு. புடவைக் கொசுவம் வாக்கர் காலில் மாட்டும், ஆகவே கணுக்காலுக்கு மேல் நிற்கிற நைட்டி இரண்டு தைத்து வையுங்கள். ஹவாய் செருப்பு கூடாது, பின்னால் வார் உள்ளது வேண்டும். அரிவாள்மணை பரணுக்குப் போகட்டும். சுவாமி படத்தை நின்றபடி கும்பிடும் உயரத்துக்கு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பத்தாம் நாள் யாரும் பார்க்காதபோது கீழே உட்கார்ந்து விளக்கேற்றப் பார்ப்பார்.

ஒரு சின்ன விஷயம், உங்களுக்கு அற்பமாகப் படலாம். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்முன் நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள், தாலிக்கொடி உட்பட. அந்த நிமிஷத்தில் நர்ஸ் சொல்லித் தெரிந்துகொள்ளும் அம்மாக்கள் கலங்கிப் போகிறார்கள். அறுவையைவிட அதற்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒரு வழி சொல்வார்கள்.

இன்னொரு வகை வீட்டாரிடமும் பேசவேண்டும். தேய்மானம் என்றால் நல்ல நாள் பார்த்து, ஆடி முடித்து, தைக்குத் தள்ளுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அம்மா விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தால் பஞ்சாங்கத்தைத் தொடாதீர்கள். அந்த முறிவில் எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுந்துபோகக் கூடும். கட்டுப் போட்டால் கூடும் எலும்பு இல்லை அது. நாட்டு வைத்தியக் கட்டுப் போடப் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டி, ஒரு மாசம் படுக்கப் போட்டு, படுக்கைப் புண்ணோடும் நுரையீரல் சளியோடும் ஆஸ்பத்திரிக்கு வருகிற பாட்டிகளை நீங்கள் பார்த்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. முடிந்தவரை ஒன்றரை இரண்டு நாளுக்குள் அறுவை நடக்க வேண்டும். வயதைப் பொறுத்துப் பாதி மூட்டோ முழு மூட்டோ மாற்றி உடனே எழுப்பி உட்கார வைப்பார்கள். "இந்த வயசுல ஆபரேஷனா?" என்று கேட்காதீர்கள். இந்த வயதில் படுக்கைதான் ஆபத்து.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அம்மா தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் ராத்திரி எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் உங்களை எழுப்ப வேண்டும். "தாகமே இல்லைப்பா" என்பார். நம்பாதீர்கள். உதடு வறண்டிருக்கிறதா, சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், வலி மாத்திரை அதை இன்னும் இறுக்கும். சிறுநீர்த் தொற்று வரும், ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். தலைமாட்டில் ஒரு சொம்பும், கைக்கு எட்டும் தூரத்தில் கூப்பிட ஒரு மணியும் வையுங்கள். மணி அடித்தால் முகம் சுளிக்காமல் எழுந்து வாருங்கள். ஒரு தடவை கொட்டாவியோடு வந்து "என்னம்மா இப்ப?" என்று கேட்டால் போதும், மறுநாளிலிருந்து அவர் தண்ணீரை நிறுத்திவிடுவார்.

இதற்கு நீங்கள் கண்டுபிடித்த மாற்றுதான் டயப்பர். ஏஜென்சியில் ஆள் வைக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கும் ராத்திரி தூக்கம் வேண்டும். டயப்பர் போட்டுவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். வார்டில் வாக்கரோடு டாய்லெட்டுக்குப் போய்வந்த பெண்மணிக்கு வீட்டில் டயப்பர் கட்டுகிறீர்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பேச்சைக் குறைத்துக்கொள்வார், அவ்வளவுதான். நான் பயிற்சிக்கு எழுப்பும்போது "இனிமே நடந்து என்ன ஆகப் போகுது?" என்று கேட்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகளில்தான். கட்டிலிலிருந்து டாய்லெட் வரை ராத்திரி இரண்டு நடை. அதைவிடச் சிறந்த பயிற்சியை நான் சொல்லித்தர முடியாது.

அடுத்தது பத்தியம். பருப்பு போட்டால் சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் ஆகாது, தயிர் சளி. இப்படி ஒவ்வொன்றாக நீக்கி, கடைசியில் அம்மாவின் தட்டில் ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மிஞ்சுகின்றன. புண் ஆற, தசை வளர, புரதம் வேண்டும். பருப்பால் சீழ் வருவதில்லை, கிருமியால் வருகிறது. பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் எல்லாம் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டர் சொல்லும் அளவுக்கு. பெரியம்மா வந்து தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

வலி மாத்திரையைக் குறைத்துக் கொடுப்பது இன்னொரு தவறு. "கிட்னி போயிடும்" என்று நீங்களாகவே ஒரு வேளை நிறுத்துகிறீர்கள். டாக்டர் கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். வலியோடு யாரும் காலைத் தூக்கமாட்டார்கள். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன் அந்த மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையையோ ஊசியையோ எழுதிக் கொடுத்த கடைசி நாள் வரை, சிலருக்கு அது 35 நாள், ஒருவேளையும் விடாமல் கொடுங்கள். காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் கூட்டி வராதீர்கள். வீங்கிய காலை உருவினால், உள்ளே உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு. புண்மேல் மஞ்சள் பூசுவதும் வேண்டாம்.

கெண்டைக்கால் இறுகி வலித்தால், திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், புண்ணில் நீர் கசிந்தால், காய்ச்சல் அடித்தால், காலைத் திருப்பும்போது 'டக்'கென்று ஒரு வலி வந்து கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக்கொண்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அந்த நேரத்துக்கே கிளம்புங்கள்.

கடைசியில் சொன்னது மூட்டு நழுவுவது. பின்பக்கமாகத் திறந்து அறுவை செய்தவர்களுக்கு முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் மூன்று அசைவுகள் ஆகாது: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது. தரையில் விழுந்த மாத்திரையை எடுக்கக் குனியும்போது இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். முன்பக்கமாகத் திறந்து செய்தவர்களுக்கு விதி வேறு; சில டாக்டர்கள் இப்போது இவ்வளவு கட்டுப்பாடு வைப்பதும் இல்லை. எந்தப் பக்கம் திறந்தார்கள், எது கூடாது, சம்மணம் போடுவது எப்போது அல்லது எப்போதுமே கூடாதா என்று டிஸ்சார்ஜ் ஆகும்முன் கேட்டு எழுதி வாங்குங்கள். தூங்கும்போது இரண்டு காலுக்கும் இடையில் ஒரு தலையணை. காரில் ஏறும்போது முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் பிட்டத்தைச் சீட்டில் வைத்து உட்கார்ந்து, பிறகு இரு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஸ்கூட்டரில் பக்கவாட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவதை டாக்டர் சொல்லும் வரை நினைக்கவே வேண்டாம். ஊன்றுகோல் அறுவை செய்யாத பக்கத்துக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முதலில்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலிலேயே உட்கார்ந்து, "எங்க நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன்தான், பாவம்..." என்று ஆரம்பிப்பார்கள். என் பயிற்சி நேரம் அதில் போகும், அம்மாவின் தைரியமும் போகும். முதல் இரண்டு வாரம் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மரியாதைக் குறைவு என்றால் அந்தப் பழி உங்கள்மேல் இருக்கட்டும்.

படுக்க வைக்கும் வீடுகளைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தேன். இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. மூன்றாம் வாரம் அம்மா வாக்கரோடு அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தால், மறுநாள் சாம்பார் அவர் பொறுப்பாகிவிடுகிறது. அவரும் சந்தோஷமாகத்தான் செய்வார், அதுதான் சிக்கல். வலியைப் பல வருஷம் மறைத்ததே அடுப்படி நின்றுவிடக் கூடாது என்றுதானே. சமையல் மேடை எனக்கு எதிரி இல்லை. பிடித்துக்கொண்டு நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கிப் பழக அதைவிட நல்ல உயரம் வீட்டில் வேறு கிடையாது. அந்தப் பக்கவாட்டுத் தசைக்கு அதுதான் மருந்து. பயிற்சிக்கு மேடை அவருடையது, சமையலுக்கு உங்களுடையது என்று கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நின்றபடி காய் நறுக்கட்டும், காபி கலக்கட்டும், ஒவ்வொன்றாகக் கூட்டட்டும். கீழ் அலமாரியிலிருக்கும் குக்கரைக் குனிந்து எடுக்கும் வேலை மட்டும் யாராவது செய்யுங்கள்.

"யாராவது" என்றால் உங்கள் வீட்டில் யார்? நான் போகும் வீடுகளில் அது மருமகள். அவர் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும் அவர்தான். மகன் ஆபீஸ் பையோடு கதவோரம் நின்று "நல்லா கவனிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மகள் போனில் அழுகிறார். அம்மாவுக்கும் மருமகளுக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும் கசப்பில் டாய்லெட்டுக்குக் கைபிடித்துப் போகும் சங்கடமும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் நரகம். மகன்களே, உங்கள் அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்புவது கௌரவக் குறைச்சலான வேலை இல்லை. பிசியோ செலவுக்குக் கையில் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது: 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். "நாலு நாள் வந்தீங்களே மேடம், இனிமே நாங்களே பார்த்துக்கறோம்" என்று என்னை நிறுத்துங்கள், வருத்தமில்லை. ஆனால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இல்லாத வேளைகளில் தினம் மூன்று தடவை அந்தப் பயிற்சி நடக்க வேண்டும், ஆறு வாரம் தாண்டியும், மூன்று மாசம் வரை, விந்தல் போகும்வரை.

ஆகவே நான் கேட்பது இதைத்தான். அறுவைத் தேதியை முதலில் வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு யோசிக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உடன்பிறந்தவர்கள் எல்லோரும் கூடிப் பேசுங்கள், வெளிநாட்டில் இருப்பவர் போனில் வரட்டும். முதல் இரண்டு வாரம் யார் லீவு, அடுத்த இரண்டு வாரம் யார், ராத்திரி மணி அடித்தால் யார் எழுந்திருப்பது என்று பெயர் போட்டு எழுதுங்கள். அதில் மருமகள் பெயர் மட்டுமே இருந்தால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். உங்கள் பக்கத்து பிசியோவை அறுவைக்கு முன்பே ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிட்டுப் படுக்கை, நாற்காலி, பாத்ரூமைக் காட்டுங்கள். அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவர் உடம்பைப் பற்றிய கூட்டத்தில் அவர் மட்டும் அடுப்படியில் இருக்க வேண்டாம். கைப்பிடி அடிக்கிற ஆளைக் கூப்பிட்டு வேலையை முடித்து, அம்மா அதைப் பிடித்து இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து பார்த்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதி கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு வரப்போகும் ஒரு பிசியோ